இறுகாத பனங்கட்டி: வடமராட்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

கடந்த பங்குனி மாதத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில் உள்ள என் மாமியின் வீட்டில் பத்து நாள்களுக்குள் மூன்று தடவை காய்ச்சிய கருப்பணி, அதாவது பனம்பாளையிலிருந்து சொட்டும் புளிக்காத இனிப்பு நீர், பனங்கட்டியாக இறுகவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு பாளைக் காலத்திலும் அதே கொட்டிலில், அதே தாச்சியில் காய்ச்சி வருகிறவர் அவர். பாகின் பதத்தை வெப்பமானி இல்லாமலே, தண்ணீரில் ஒரு துளி விட்டு விரலால் உருட்டிப் பார்த்துச் சொல்லக்கூடியவர். முதல் தடவை குட்டான்களில் (சிறு பனையோலைப் பெட்டிகளில்) வார்த்த பாகு மறுநாட் காலையிலும் களியாகவே கிடந்தது. இரண்டாம் தடவை மேலே ஒரு தோல் பிடித்தது, உள்ளே இளகியே இருந்தது. மூன்றாம் தடவை அவர் பொறுமை இழந்து வழக்கத்தை விட நெடுநேரம் காய்ச்சினார். அன்று மாலை தட்டினால் உடையும் அளவுக்குக் கட்டி இறுகியது. ஆனால் விடிந்து பார்த்தபோது அது வியர்த்து, ஓலையோடு ஒட்டி, குட்டானின் பொத்தல்களால் வடிந்து கொண்டிருந்தது.

வீட்டில் மூன்று காரணங்கள் பேசப்பட்டன. "நெருப்புக் கூடிப் போச்சு, வேற ஒண்டும் இல்லை" என்றார் மாமா. மரமேறுகிறவர் கருப்பணியில் தண்ணீர் கலக்கிறார் என்று அயலவர் ஒருவர் சொன்னார். கண்ணூறு என்றார் ஆச்சி. இவற்றுள் இரண்டாவது பேச்சுத்தான் என்னை அங்கே போக வைத்தது, ஏனென்றால் இருபது ஆண்டுகளாக அந்த வளவுக்கு வந்து போகிற ஒரு மனிதரை அடுத்த கிழமையே நிறுத்தி விடுவது என்று ஏறத்தாழ முடிவாகியிருந்தது. பாடசாலையில் இரசாயனம் கற்பிக்கிற எனக்கு, பழி சுமத்துவதற்கு முன் சோதித்துப் பார்க்கக்கூடிய விடயம் இது என்று தோன்றியது. கண்ணூற்றை நான் ஆராயவில்லை. மற்ற இரண்டையும் ஆராய்ந்தேன்.

நெருப்பும் நீரும்

தண்ணீர் கலந்த குற்றச்சாட்டு மிக எளிதாகவே விழுந்து விட்டது. சுத்தமான கருப்பணியின் நிறையில் நூறில் 10 முதல் 14 பங்கு வரை சீனி இருக்கும். மீதி பெரும்பாலும் நீரே. அதில் இன்னும் இரண்டு லீற்றர் தண்ணீரை யாரேனும் ஊற்றினால் விறகு கூடுதலாகச் செலவாகும், கிடைக்கும் கட்டியின் அளவு குறையும், அவ்வளவுதான். தாச்சியை விட்டு ஆவியாகிப் போகிற நீர், கிணற்றிலிருந்து வந்ததா பாளையிலிருந்து வந்ததா என்பதை எஞ்சியிருக்கும் பாகு அறியாது. அதாவது, தண்ணீர் கலந்திருந்தால் பனங்கட்டி குறைந்திருக்க வேண்டும், இளகியிருக்கக் கூடாது.

நெருப்பைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு ஒரு முழு நாள் தேவைப்பட்டது. நான்காவது தடவை காய்ச்சும்போது பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து எடுத்து வந்த வெப்பமானியுடன் அடுப்பருகே இருந்தேன். ஏறத்தாழ இருபது லீற்றர் கருப்பணி தாச்சியில் ஊற்றப்பட்டது. கொதிக்கத் தொடங்கியபின் இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக வெப்பமானி 100 பாகை செல்சியசுக்கும் 102 பாகைக்கும் இடையிலேயே நின்றது. மாமா இடையில் இரண்டு தடவை காவோலையை அள்ளிப் போட்டுத் தீயை எழுப்பினார். கொதி பொங்கியது, ஆனால் வெப்பநிலை அசையவில்லை. இதை அவர் நம்ப மறுத்து, வெப்பமானி பழுது என்றார்.

வெப்பமானியில் பழுதில்லை. ஒரு கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோயூல் வெப்பம் போதும். அதே நீரை 100 பாகையில் வைத்தபடியே ஆவியாக்குவதற்கு 2257 கிலோயூல் வேண்டும். இந்த இரண்டாவது தொகை வெப்பமானியில் தெரியாமல் போவதால்தான் அதற்கு மறைவெப்பம் என்று பெயர். கொதிக்கும் நீருக்குள் செலுத்தப்படும் வெப்பம் முழுவதும் நீர் மூலக்கூறுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து எடுப்பதிலேயே செலவாகிறது. ஆகையால் தீயைக் கூட்டினால் ஆவி வேகமாகப் போகுமே தவிர, நீர் போதியளவு இருக்கும் வரை பாகு அதிகம் சூடாகாது. இருபது லீற்றர் கருப்பணியில் போக வேண்டிய நீர் ஏறத்தாழ 18 கிலோகிராம் என்று கொண்டால், அதை ஆவியாக்க மட்டும் 40 மெகாயூலுக்கு மேல் தேவை. உலர்ந்த விறகின் ஒரு கிலோகிராமில் 15 மெகாயூல் அளவு வெப்பம் இருக்கிறது; ஆனால் திறந்த அடுப்பில் பெரும்பகுதி காற்றோடு போய்விடுவதால், கொட்டிலின் ஓரத்தில் குவித்து வைத்த மட்டையும் பன்னாடையும் கொக்கறையும் ஒரே காய்ச்சலில் பாதியாகி விடுவதில் வியப்பில்லை.

நெருப்பு உண்மையில் கெடுதல் செய்யக்கூடிய நேரம் கடைசி இருபது நிமிடம். நீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை ஏறுகிறது: கரைசலில் பாதி சீனியாகும்போது ஏறத்தாழ 102 பாகை, நூறில் 70 பங்காகும்போது 106, 80 பங்காகும்போது 112, 90 பங்காகும்போது 123. அந்தக் கட்டத்தில் ஒரு பாகைக்கும் இன்னொரு பாகைக்கும் இடையில் மிகச் சிறிதளவு நீரே நிற்பதால், சில நிமிடக் கவனயீனம் போதும், அடி பிடித்துக் கருகிவிடும். அதனால் 106 பாகைக்கு மேல் தீயை நானே இழுத்துக் குறைத்து, 118 பாகையில் தாச்சியை இறக்கச் சொன்னேன். மாமி துடுப்பால் விளிம்போடு தேய்த்துத் தேய்த்துக் கிண்டினார். வழக்கமாக இந்த இடத்தில் பாகு மங்கி, மணல் போல் குருணை கட்டும். அன்று அது கடைசி வரை மினுமினுத்தபடியே இருந்தது. குட்டானில் வார்த்தோம், மறுநாளும் களிதான். தீயை அளந்து எரித்தும் கட்டி இறுகவில்லை என்பதால் மாமாவின் விளக்கமும் அத்தோடு முடிந்தது. அவர் இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்பது வேறு விடயம்.

இறுகுதல் என்றால் என்ன

பனங்கட்டி இறுகுவதை, உருகிய மெழுகு ஆறி உறைவதைப் போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியன்று. தாச்சியில் இருப்பது உருகிய சீனியன்று. சுக்குரோசு உருகுவதற்கு ஏறத்தாழ 186 பாகை வேண்டும், அந்த நிலைக்கு வருமுன்பே அது சிதையத் தொடங்கிவிடும். தாச்சியில் இருப்பது ஒரு கரைசல், அதுவும் ஆறியபின் தாங்க முடியாத அளவு சீனியைச் சுமந்திருக்கும் கரைசல். 118 பாகையில் கொதிக்கும் பாகில் 100 கிராம் நீருக்கு 650 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. 30 பாகையில் அதே 100 கிராம் நீர் ஏறத்தாழ 220 கிராம் சுக்குரோசை மட்டுமே கரைத்து வைத்திருக்கும். ஆகவே ஆறும்போது சீனியின் மூன்றில் இரண்டு பங்கு வெளியே வந்தாக வேண்டும். அது பளிங்காக வெளிவருகிறது; கோடிக்கணக்கான நுண்பளிங்குகள் ஒன்றோடொன்று பின்னி, எஞ்சிய சிறிதளவு பாணியைத் தமக்கிடையே சிறைப்படுத்தி வைத்துக்கொள்வதைத்தான் நாம் கட்டி என்கிறோம். மாமி துடுப்பால் விளிம்பைத் தேய்ப்பது, முதற் பளிங்குகள் உண்டாவதற்கு இடங்கொடுக்கும் வேலை.

பளிங்கு கட்டுவதற்கு ஒரே வடிவான மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கப்பட வேண்டும். இடையில் வேறு வடிவான மூலக்கூறுகள் நிறைந்திருந்தால் வரிசை குழம்பும். சுக்குரோசின் ஒரு மூலக்கூறு நீரின் ஒரு மூலக்கூறோடு சேர்ந்து குளுக்கோசு ஒன்றாகவும் பிரக்டோசு ஒன்றாகவும் பிளவுபடும் தாக்கமே இங்கே குழப்பத்தின் மூலம். இந்தப் பிளவை அமிலம் செய்யும். மதுவம் (ஈஸ்ட்) வெளிவிடும் இன்வேட்டேசு என்ற நொதியம் அதைவிட விரைவாகச் செய்யும். இரண்டும் கருப்பணிக்கு நன்கு பழக்கமானவை, ஏனெனில் கள் உண்டாகும் பாதையின் முதற்படி இதுதான். மதுவம் குளுக்கோசையும் பிரக்டோசையும் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது. பற்றீரியாக்கள் இலற்றிக் அமிலத்தையும் அசற்றிக் அமிலத்தையும் சேர்க்கின்றன. அடுப்பில் அற்ககோல் பறந்து விடும், அசற்றிக் அமிலத்திலும் ஒரு பகுதி போகும். பிளவுண்ட சீனி மட்டும் போகாது.

இதைப் பொருத்திப் பார்த்தபோது நான்கு தோல்விகளும் ஒரே கதையாயின. பிளவுண்ட சீனி நிறைந்த பாகில் பளிங்கு எழாததால் அது களியாக நின்றது. வெப்பமானி 118 பாகை காட்டியும் பதம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொதிநிலை ஏறுவது கரையத்தின் (கரைந்திருக்கும் பொருளின்) நிறையால் மட்டுமன்று, மூலக்கூறுகளின் எண்ணிக்கையால். சுக்குரோசு ஒன்று இரண்டாகப் பிளந்தால் அதே நிறைக்குக் கரையத் துணிக்கைகள் ஏறத்தாழ இரு மடங்காகின்றன. எனவே பிளவுண்ட பாகு, கூடுதல் நீரை உள்ளே வைத்துக்கொண்டே 118 பாகையை எட்டிவிடும். வெப்பமானியை நம்பி இறக்கிய நான்தான் அன்று ஏமாந்தேன்; மாமியின் விரல் "இன்னும் வரேல்லை" என்று சரியாகவே சொல்லியிருந்தது.

மூன்றாம் தடவை நடந்தது இதைவிடச் சுவையானது. அன்று கல்லாகத் தெரிந்த கட்டி உண்மையில் பளிங்குத் திண்மமே அன்று; அது கண்ணாடி வகையைச் சேர்ந்தது, அதாவது மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படாமல், திரவத்தில் இருந்த குழப்பத்தோடேயே அசைவற்றுப் போன நிலை. இத்தகைய கண்ணாடி எந்த வெப்பநிலைக்கு மேல் இளகும் என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும். சுக்குரோசுக்கு ஏறத்தாழ 62 பாகை, குளுக்கோசுக்கு 31, பிரக்டோசுக்கோ வெறும் 5. பங்குனி மாதத்து வடமராட்சியில் பகல் வெப்பநிலை 30 பாகையைத் தாண்டும். அங்கே பிரக்டோசு நிறைந்த ஒரு கண்ணாடி நிலைத்து நிற்பதற்கு இடமே இல்லை. கடற்காற்றின் ஈரம் மீதியைச் செய்தது. காற்றின் சாரீரப்பதன் (ஈரப்பதன்) நூற்றுக்கு 85 அளவை எட்டினால்தான் சுக்குரோசுப் பளிங்கு நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். பிரக்டோசுக்கு 62 போதும், கலவைக்கு அதனிலும் குறைவு. இரவில் நீரை உறிஞ்சியது, உறிஞ்சிய நீர் கண்ணாடியை இன்னும் இளக்கியது, விடிய வடிந்தது.

சுண்ணாம்பு

பாளையிலிருந்து சொட்டும் நீர் புளிக்காமல் இருப்பதற்காகத்தானே, அதை ஏந்தும் மண்கலமாகிய முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசப்படுகிறது. பூசியும் ஏன் புளித்தது? மரமேறுகிறவர் பூசாமல் விட்டிருக்கலாம் என்ற சந்தேகம் உடனே எழுந்தது. முட்டிகளைக் கீழே இறக்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் வெள்ளை தடிப்பாக இருந்தது, வழக்கத்தை விடத் தடிப்பாக. கருப்பணியோ முகர்ந்தால் மெல்லிய கள் வாடை வீசியது. ஓரத்தில் நுண்குமிழிகள் ஏறின. அமிலத்தில் சிவக்கும் நீலப் பாசிச்சாயத்தாள் அதில் மங்கலாகச் சிவந்தது. நல்ல சுண்ணாம்பு இட்ட கருப்பணி ஒருபோதும் அப்படிச் செய்யாது.

சுண்ணாம்பை வீட்டுக்காரர்தான் கொடுப்பது வழக்கம். எங்கேயிருந்து எடுத்தது என்று கேட்டதற்கு மாமி கொட்டிலின் மூலையில் இருந்த ஓர் உரப்பையைக் காட்டினார். சென்ற புரட்டாதியில் மதிலுக்கு வெள்ளை அடித்து மிஞ்சிய நீறிய சுண்ணாம்பு. வீணாக்குவானேன் என்று வைத்திருந்திருக்கிறார். வாய் கட்டாத அந்தப் பை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை முழுவதையும் அந்த மூலையிலேயே கழித்திருந்தது.

சுண்ணாம்பு என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று பொருள்களைக் குறிக்கிறோம், வினை அங்கேதான். குடாநாட்டின் நிலத்தடியில் கிடக்கும் சுண்ணக்கல் கல்சியம் காபனேற்று. அதைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு பிரிந்து போய், நீறாத சுண்ணாம்பாகிய கல்சியம் ஒட்சைட்டு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் சீறி, கை வைக்க முடியாத வெப்பத்தை வெளிவிட்டு, நீறிய சுண்ணாம்பாகிய கல்சியம் ஐதரொட்சைட்டாகும். இந்த மூன்றாவது பொருளே முட்டிக்கு வேண்டியது. ஆனால் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெதுவாக ஏற்றுக்கொண்டு மறுபடியும் கல்சியம் காபனேற்றாகிவிடும்; சூளையில் விறகு எரித்துத் துரத்திய வாயுவைச் சுண்ணாம்பு தானாகவே திருப்பி எடுத்துக்கொள்கிறது. முற்றிலும் உலர்ந்த தூளில் இது மந்தமாகவே நடக்கும், ஏனென்றால் வாயு கரைவதற்கு ஒரு மெல்லிய நீர்ப்படலம் தேவை. மழைக்காலக் கொட்டிலில் அந்தப் படலத்துக்குப் பஞ்சமில்லை. வெள்ளை அடித்த சுவர் நாள்பட இறுகுவதும் இதே தாக்கத்தால்தான். சுவருக்கு நன்மையாவது முட்டிக்குத் தீமையாகிறது.

கண்ணுக்கு இரண்டும் வெண்மையான தூள். நீரில் கலக்கினால் இரண்டும் பாலாகத் தெரியும். நிறையும் குறைவதில்லை: 74 கிராம் நீறிய சுண்ணாம்பு முழுவதும் மாறினால் 100 கிராம் காபனேற்றாகும். கரைதிறனில்தான் வேறுபாடு இருக்கிறது. அறை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரில் கல்சியம் ஐதரொட்சைட்டு 1.7 கிராம் அளவுக்குக் கரைந்து, காரத்தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானத்தை 12 க்கு மேல் ஏற்றும். காபனேற்றோ ஏறத்தாழ 15 மில்லிகிராம் மட்டுமே கரையும். காபனேற்றும் அமிலத்தை நடுநிலையாக்கும், உண்மைதான், ஆனால் அமிலம் உண்டான பிறகுதான். முட்டியில் சுண்ணாம்பின் வேலை, புளித்ததைச் சரிசெய்வதன்று. மதுவமும் அதன் நொதியமும் செயற்பட முடியாத காரநிலையைத் தொடக்கத்திலிருந்தே பேணுவது. காபனேற்று பூசிய முட்டியில் மதுவம் வசதியாக வாழ்ந்தது, சீனியைப் பிளந்தது, உண்டான அமிலத்தில் ஒரு பகுதியைக் காபனேற்று உறிஞ்சிக்கொண்டதால் புளிப்பு நாவில் உறைக்கவும் இல்லை. உறைத்திருந்தால் மாமி முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்.

உரப்பையிலிருந்து ஒரு கரண்டித் தூளைப் பேணியில் போட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டேன், நுரைத்துப் பொங்கியது. கடையில் அன்று வாங்கிய புதிய சுண்ணாம்பில் விட்டபோது பொங்கவில்லை. மஞ்சள் கரைத்த நீரில் புதியதைச் சிறிது போட்டதும் குங்குமச் சிவப்பு வந்தது. பழையதைப் போட்டால் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமி, தை மாதத்தில் ஒரு சாமத்தியச் சடங்குக்கு ஆலாத்தி கரைத்தபோது தண்ணீர் சிவக்கவேயில்லை என்றும், மஞ்சள் கலப்படம் என்று கடைக்காரரைத் திட்டியதாகவும் சொன்னார். அதற்கும் சுண்ணாம்பு இந்தப் பையிலிருந்துதான் எடுக்கப்பட்டிருந்தது. ஆக, பனங்கட்டி கெடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நோய் தெரிந்திருக்கிறது. பழிதான் ஆள் மாறிப் போயிருக்கிறது.

ஒப்பீடு

இவ்வளவும் ஊகத்துக்கு வலுச் சேர்த்தனவே ஒழிய, நிரூபணமாகவில்லை. மரமேறுகிற அண்ணையிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனான் தம்பி, உந்தச் சுண்ணாம்பு கையைக் கடிக்குதில்லை எண்டு" என்றார். நீறிய சுண்ணாம்பு விரலில் வழுக்கும், வெடிப்பிருந்தால் எரியும். இது சோக்குத் தூள் போல நொறுநொறுத்ததை அவர் கவனித்திருக்கிறார். அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

எட்டு முட்டிகளை நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, நான்கில் பழைய சுண்ணாம்பும் நான்கில் புதியதும் பூசி, ஒரே மாலையில் கட்டினோம். மறுநாட் காலை இறக்கிய கருப்பணியை வேறு வேறாக வைத்தோம். புதிய சுண்ணாம்புக் கருப்பணியைச் சற்றுத் தெளியவிட்டு, அடியில் படிந்ததை நீக்கி ஊற்றினோம். மிகையான காரம் தாச்சிக்குள் போனால் பாகு கறுத்துச் சுவையும் கெடும். இரண்டையும் அடுத்தடுத்து அதே அடுப்பில் 118 பாகை வரை காய்ச்சினோம். புதியது துடுப்பின் கீழேயே மங்கிக் குருணை கட்டியது. குட்டானில் வார்த்து ஒரு மணித்தியாலத்தில் கவிழ்க்கக்கூடிய கட்டியானது. பழையது முன்பு போலவே மினுங்கிக்கொண்டு கிடந்தது, நிறமும் கறுப்பாக இருந்தது. பிளவுண்ட சீனிகள், கருப்பணியிலுள்ள அமினோ அமிலங்களுடன் சூட்டில் தாக்கமுற்றுக் கபில நிறம் கொள்வது அதற்குக் காரணம்.

கெட்டுப் போன பாகைத் திரும்பக் காய்ச்சிக் கட்டியாக்கலாமா என்று மாமா கேட்டார். முடியாது, நீர் ஆவியாவது போன்ற பௌதிக மாற்றத்தை மீளச் செய்யலாம், சுக்குரோசு பிளந்த இரசாயன மாற்றத்தை அடுப்பு மீளப் பொருத்தாது. அந்தப் பாணி முழுவதும் போத்தல்களில் ஊற்றப்பட்டுச் சமையலறைத் தட்டில் இருக்கிறது. ஆவணியிலும் அதில் ஒரு பளிங்கு கூட விழவில்லை. பிட்டுக்குத் தொட்டுக்கொள்ள நன்றாகவே இருக்கிறது.

உரப்பையில் இருந்தது கோழிக்கூட்டு நிலத்துக்குப் போயிற்று. புதிய சுண்ணாம்பை மாமி இப்போது மூடியுள்ள மண்பானையில் களியாகக் குழைத்து, மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வைத்திருக்கிறார். தண்ணீரின் மேல் ஆடை போல ஒரு வெண்படலம் பிடிக்கிறது. அது காபனேற்றுத்தான், ஆனால் கீழே உள்ளதைக் காற்று எளிதில் எட்டாமல் அதுவும் காக்கிறது. மரமேறுகிற அண்ணை மாலையில் வரும்போது, பானையிலிருந்து ஒரு பொட்டுச் சுண்ணாம்பை எடுத்து மஞ்சள் துண்டில் தேய்த்துக் காட்டிவிட்டுத்தான் முட்டியைத் தூக்குகிறார்.